ஐந்து தண்ணீரில் கழுவிய அரிசி

பரவை,
12-8-1936

எழுமலை போர்டு பள்ளிக்கூட ஆசிரியர், மதிப்புக்குரிய சம்பந்தி சின்னச்சாமி அவர்களுக்கு ராமக்காள் எழுதுவது.

இங்கே நானும் என் மகன் நல்லகாமனும் பேத்தி அன்னக்கொடியும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் இளைய மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுத முடியாத ஒருத்தியைப் பற்றியே இந்தக் கடிதம்.

இந்த ஆடி பிறந்ததும் தவறிப்போன கைக்குழந்தையைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. மூன்று மாதம் இருந்தான். கடைசி நாள் வாயைத் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை. தாங்களும் வந்து போனீர்கள். அது முடிந்தது.

இப்போது முத்துத்தாய்க்குக் கையும் காலும் மரத்துப் போகின்றனவாம். "எறும்பு ஊருற மாதிரி இருக்கு அத்தை" என்றாள். குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. போன வாரம் கால் மிஞ்சி கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கிணற்றடியிலிருந்து அடுப்படி வரை நடந்து வந்திருக்கிறாள். நேற்று செம்புக் குடத்தைக் கீழே விட்டாள். "பிடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன்" என்கிறாள்.

கவனிப்பில் குறை இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு உரிய பத்தியத்தை நான் இன்னும் நிறுத்தவில்லை. நம் மில்லில் தீட்டிய பழைய பச்சரிசி, ஐந்து தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்து, மிளகு ரசத்தோடு இரண்டு வேளை. காய், பருப்பு, கறி எதுவும் கிடையாது. பரவையில் இத்தனை வெள்ளையான சோறு இன்னொரு வீட்டில் இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

தங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா? நேரில் வந்து சொல்ல வேண்டாம். எழுத்தில் தரவும். பேச்சு ஆளுக்கு ஆள் மாறும். என் தகப்பனார் என்னைக் கான்வென்டில் ஆறு வருஷம் படிக்க வைத்தார். பொய் சொல்லக் கூடாது, முக்கியமானதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற இரண்டும் அங்கே கற்றவை.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ராமக்காள்
விருமாண்டி அரிசி மில்


எழுமலை,
தாது வருஷம் ஆவணி 4

மகாராசி சம்பந்தியம்மாள் சமூகத்துக்குச் சின்னச்சாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் வந்தது. அங்கே எல்லோரும் சுகம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

தாங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். என் தாயாருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. கடைசிக் காலத்தில் பாதம் மரத்துப் போயிருந்தது. ஆனால் அவளுக்கு அறுபது வயது. முத்துத்தாய்க்கு இருபத்திரண்டு. வேறு யாருக்கும் எதுவும் இல்லை.

விஷயத்தை இங்கே நாலு பேரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வைத்தியர் வாதம் என்றார். தபால்காரர் சேக் இஸ்மாயில், "வாத்தியாரே, பிள்ளை பெத்த உடம்புல காத்து பூந்திருச்சு, அம்புட்டுத்தான்" என்றார். கிணற்றடிக் கிழவி, "கண்ணேறுதான், வேற என்ன" என்று சொல்லி, அவள் பெயரைச் சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டதற்கு அரைப்படி கம்பு வாங்கிக்கொண்டு போனாள். ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. மருந்து மட்டும் யாரிடமும் இல்லை.

என் மனதில் படுவதைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கம்பங்களியும் கேப்பைக்கூழும் தின்று வளர்ந்த உடம்பு. தங்கள் மில் வண்டி ஓட்டும் சுருளி இந்தப் பக்கம் நெல் ஏற்ற வந்தபோது ஒரு மூட்டை கம்பும், கொஞ்சம் துவரம்பருப்பும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவள் வாய்க்கு ருசியாக இருக்கும்.

அன்னக்கொடிக்கு என் முத்தங்கள். அவளுக்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டதா?

பணிவுடன்,
சின்னச்சாமி


பரவை,
7-9-1936

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

நலம். தங்கள் நலம் கடிதத்தில் தெரிந்தது.

மூட்டை வந்து சேர்ந்தது. மாடுகள் விரும்பித் தின்றன. துவரம்பருப்பை வேலைக்காரர்களுக்குக் கொடுத்தேன். தாங்கள் வருத்தப்படக் கூடாது. மூட்டை இறங்கிய அன்று தங்கள் மகள், "அத்தை, ஒரு வாய் கூழு மட்டும் கரைச்சுக் குடுங்க அத்தை" என்று வேலைக்காரி முன்னால் கெஞ்சினாள். நாற்பது ஊர்ச் சம்சாரிகள் நெல் கொண்டுவந்து வெள்ளை அரிசியாக வாங்கிப் போகிற வீடு இது. அந்த வீட்டு மருமகள் கூழ் குடித்தாள் என்று அவர்கள் பேச நான் வழி விடமாட்டேன்.

தங்கள் தாயாரின் சர்க்கரை வியாதியைப் பெண் பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

மதுரையிலிருந்து வைத்தியரை வரவழைத்தேன். நாடி பார்த்துவிட்டு, பத்தியம் போதவில்லை என்றார். ஆகவே கடைசியில் ஊற்றிவந்த கொஞ்சம் மோரையும் நிறுத்திவிட்டேன். இப்போது சோறும் ரசமும் மட்டும். இருந்தும் குணம் இல்லை. உட்கார்ந்தால் தரையில் கையூன்றித்தான் எழுந்திருக்கிறாள். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறது என்கிறாள். பாதத்தைத் தொட்டால் தெரியவில்லை என்கிறாள். ஒரே காலில் இரண்டு பேச்சு.

அன்னக்கொடியைத் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கைப்பிடி இல்லாதவள் குழந்தையைத் தூக்கக் கூடாது. அதற்கு ஒரு அழுகை.

தல்லாகுளத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். அடுத்த வாரம் காட்டப் போகிறேன். என்ன என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

ராமக்காள்


தல்லாகுளம்,
21-9-1936

பரவை ராமக்காள் அம்மாள் அவர்களுக்கு வணக்கம். தங்கள் மருமகளைப் பார்த்தபோது, சோதனை முடிந்ததும் எழுதுவதாகச் சொன்னேன். கண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

கை கால் மரத்துப் போவதற்குக் காரணம் பல உண்டு. சர்க்கரை வியாதியாக இருக்கலாம் என்று முதலில் சிறுநீரைப் பார்த்தேன், சர்க்கரை இல்லை. நாட்டு மருந்தில் பாஷாணம் சேர்த்திருந்தாலும் இப்படி வரும். வெறும் கஷாயம்தான் கொடுத்ததாகத் தாங்கள் சொன்னீர்கள். தாங்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்ட அந்த மூன்றாவது நோயையும் தேடினேன். பாதத்தில் ஊசி வைத்தேன், உணரவில்லை. ஆனால் உடம்பில் எங்கும் தேமல் போன்ற திட்டு இல்லை. முழங்கை நரம்பு தடிக்கவில்லை. இரண்டு காலிலும் ஒரே அளவாக, கீழிருந்து மேலாக மரத்திருக்கிறது. ஆகவே இது குஷ்டம் எனப்படும் பெருநோய் அல்ல. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இது சாப்பாட்டால் வந்தது. பச்சை நெல்லை மில்லில் வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது. மிச்சத்தைக் கழுவுகிற தண்ணீரும் வடிக்கிற கஞ்சியும் கொண்டுபோகின்றன. மற்றவர்கள் பருப்பு, கறி, காய் சேர்த்துச் சாப்பிடுவதால் தப்பிக்கிறார்கள். பத்தியத்தில் இருப்பவளுக்கு வேறு வழி இல்லை. பர்மாவிலும் தெலுங்கு ஜில்லாக்களிலும் இதை நிறையக் கண்டிருக்கிறார்கள். பெரிபெரி என்று பெயர். நம் பக்கம் புழுங்கலரிசியும் கம்பும் தின்பதால் அபூர்வம்.

பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். உரலில் குத்திய அரிசி, கம்பு, பருப்பு, தினம் இரண்டு கரண்டி புதுத் தவிடு. நாலைந்து மாதத்தில் நடப்பாள். குழந்தையை அவளிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை, இது தொற்றாது.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. சத்தமில்லாமல் அழுது இறந்த அந்தக் கைக்குழந்தைக்கும் இதே குறைதான் தாய்ப்பாலில் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கள் மில்லில் அரிசியை இரண்டு முறைக்குப் பதில் ஒரு முறை தீட்டினாலே பலருக்கு நன்மை.

டாக்டர் கிரேஸ் ஞானம்மாள், எல்.எம்.பி.


பரவை,
25-9-1936

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது பக்கத்தில் தங்கள் இளைய மகள் இருக்க வேண்டாம்.

லேடி டாக்டர் சோதித்தார். சர்க்கரை வியாதி இல்லை. பாஷாணம் இல்லை. பாதத்தில் ஊசியை வைத்து அழுத்தினார்; தங்கள் மகளுக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி குத்துவது தெரியாமல் போகிற நோய் எது என்று பள்ளிக்கூட ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரை என் கையால் எழுதமாட்டேன்.

அன்னக்கொடியை என் அறைக்கு மாற்றிவிட்டேன். தங்கள் மகளைப் பின்கட்டில் வைத்திருக்கிறேன். தட்டும் தம்ளரும் தனி. "என்ன நோவுன்னு சொல்லுங்க அத்தை" என்று கதவருகே வந்து கேட்டாள். உன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்.

வந்து அழைத்துப் போங்கள். அதற்கு முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் தர வேண்டும். தங்கள் மகளுக்கு என்ன என்று தாங்கள் புரிந்துகொண்டீர்கள் என்பது ஒன்று. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது மற்றொன்று. குழந்தைக்கு வயது இரண்டரை. தகப்பன் ஸ்தானத்தில் யோசித்து எழுதுங்கள்.

ராமக்காள்


எழுமலை,
புரட்டாசி 14

சம்பந்தியம்மாள் சமூகத்துக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று வார்த்தை வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

என் மகள் முத்துத்தாய்க்குப் பெருநோய் வந்திருப்பதாகத் தெரிந்துகொண்டேன். எங்கள் வம்சத்தில் இல்லாதது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இதைத் தாங்கள் ஊரைக் கூட்டிச் சொல்லாமல் எனக்கு மட்டும் எழுதிய பெரிய மனதுக்குக் கும்பிடுகிறேன்.

அன்னக்கொடிக்கு அது ஒட்டிவிடக் கூடாது. குழந்தை தங்களிடமே வளரட்டும். நானோ என் மகளோ என்றைக்கும் உரிமை கேட்டு வரமாட்டோம். இது என் சம்மதத்தோடு என் கைப்பட எழுதியது.

வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். வாசலுக்கு வரமாட்டேன். மில்லுக்குப் பின்னால் வேலியோரம் நிறுத்துகிறேன். அவளிடம் நான் எதுவும் இன்னும் சொல்லவில்லை. குழந்தையை ஒரு தடவை தூரத்திலிருந்தாவது காட்டச் சொல்லுங்கள்.

சின்னச்சாமி


எழுமலை,
கார்த்திகை 12

அன்புள்ள அத்தைக்கு முத்துத்தாய் நமஸ்காரம் செய்து எழுதுவது. தங்களுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் அதிகமாகுமே. அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வராததால் தபாலில் தவறியிருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

அத்தை, நான் நடக்கிறேன். அப்பா எனக்காகத் தோட்டத்தில் ஒரு குடிசை போட்டிருக்கிறார். அதிலிருந்து கிணறு வரை கம்பு ஊன்றாமல் போய் வருகிறேன். வந்த புதிதில் தங்கச்சி கூழை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். இங்கே பச்சரிசி ஏது? கம்பும் கேப்பையும் மொச்சையும்தான். தின்னத் தின்னக் காலுக்குக் கீழே தரை வந்தது. முந்தாநாள் நெருஞ்சிமுள் குத்தியது. குத்தியது தெரிந்தது அத்தை. வலிக்குது வலிக்குது என்று கத்திக்கொண்டே சிரித்தேன். அப்பா ஓடி வந்தார். முள்ளைப் பிடுங்காமல் நின்று அழுதார்.

பெருநோய் இப்படிக் கூழுக்குப் போகுமா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த டாக்டரம்மாவிடம் இன்னொரு தடவை காட்டினால் அவர் சொல்வார். தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், நானே தல்லாகுளம் போகிறேன்.

தங்கச்சிக்கு நிச்சயம் செய்திருந்த இடம் என்னால் விட்டுப்போயிற்று. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அன்னம் இல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். இப்போது எதைப் பிடித்துக்கொள்கிறாள்?

தங்கள் மருமகள்
முத்துத்தாய்


பரவை,
20-12-1936

எழுமலை சின்னச்சாமி அவர்களுக்கு,

நலம். தங்கள் மகளின் கடிதங்கள் மூன்றும் வந்தன. தபாலில் எதுவும் தவறவில்லை.

தை மாதம் நல்லகாமனுக்குக் கல்யாணம். இரண்டு ஊர் வழக்கப்படியும், தங்கள் புரட்டாசிக் கடிதத்தின்படியும், முதல் கல்யாணம் தீர்ந்ததாகப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆண் வாரிசு இல்லாமல் மில்லை விட முடியாது.

அன்னக்கொடி முதல் வாரம் தேடினாள். இப்போது தேடுவதில்லை. இந்த வயதில் மறதி ஒரு வரம். என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

தங்கள் மகளுக்கு உடம்பு தேறுவதில் சந்தோஷம். தங்கள் வீட்டுச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் அங்கேயே இருப்பது நல்லது.

ராமக்காள்


தல்லாகுளம்,
18-1-1937

எழுமலை ஆசிரியர் சின்னச்சாமி அவர்களுக்கு வணக்கம். தங்களை நான் பார்த்ததில்லை. தங்கள் மகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நான்.

பரவை மில் வண்டிக்காரர் சுருளி விரல் நசுங்கி இங்கே வந்தார். கட்டுப் போடும்போது தங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அந்தப் புள்ளயவா? பெருநோவுன்னு அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டாகளே. நீங்கதானம்மா ஊசி வச்சுச் சொன்னீகளாம்" என்றார். கட்டைப் போட்டு முடித்ததும் அவரிடமே தங்கள் விலாசம் வாங்கினேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. செப்டம்பர் 21-ஆம் தேதி ராமக்காள் அம்மாளுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. இது பெருநோய் அல்ல, சாப்பாட்டால் வந்தது, தொற்றாது, குழந்தையைப் பிரிக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பிறகு நவம்பரில் குணம் எப்படி என்று கேட்டு ஒரு கார்டு போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் இல்லாதபோதே நான் நேரில் போயிருக்க வேண்டும். அது என் தவறு.

அவளுக்குத் தவிடும் பருப்பும் கொடுங்கள். முடிந்தால் அழைத்து வாருங்கள். எங்கே வந்து சொல்ல வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

கிரேஸ் ஞானம்மாள்


எழுமலை,
தை 10

ராமக்காள் அம்மாளுக்கு,

டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. தாங்கள் செப்டம்பரிலேயே படித்த கடிதத்தை நான் நாலு மாதம் கழித்துப் படித்தேன்.

என் பேரன் எதனால் செத்தான் என்பதும் அதில் இருக்கிறது.

மாசி முதல் வெள்ளிக்கிழமை என் மகளோடும் டாக்டரம்மாவின் கடிதத்தோடும் பரவைக்கு வருகிறேன். இந்தத் தடவை வேலியோரம் அல்ல. பெரியவர்களைக் கூட்டி வையுங்கள். எங்களுக்கு மில்லும் வேண்டாம், மருமகனும் வேண்டாம். குழந்தையைக் கொடுத்தால் போதும்.

சின்னச்சாமி


எழுமலை,
மாசி 9

கருணையுள்ள டாக்டரம்மாவுக்கு முத்துத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டும். பஞ்சாயத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். அன்று தாங்கள் பிரசவ கேஸுக்குப் போகும்படி ஆனதில் வருத்தப்பட வேண்டாம். வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

மில் களத்தில் கூடினார்கள். பெரியவர் கருப்பு நடுவில் உட்கார்ந்தார். தாங்கள் எழுதியதை அப்பா சத்தமாகப் படித்தார். அரிசியால் வந்த நோய் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"சோத்துல நோவு வருமா? அப்ப நாங்கெல்லாம் திங்குறது என்னத்த?" என்றார் ஒருவர்.

"நீங்க கறியும் பருப்பும் சேத்துத் திங்குறீக சித்தப்பா. எனக்கு அஞ்சாறு மாசம் வெறும் சோறும் ரசமும்தான்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் நெல் எல்லாம் அந்த மில்லில் இருக்கிறது.

நான் அத்தையைப் பார்த்து, "டாக்டரம்மா காயிதம் வந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"வந்தது" என்றார் அத்தை. அவர் எங்களைப் போலப் பேசமாட்டார். புத்தகம் மாதிரி பேசுவார்.

"அதுல இருந்தத ஏன் சொல்லல?"

"யாரும் என்னிடம் கேட்கவில்லை."

பிறகு தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அப்பா புரட்டாசியில் எழுதிய கடிதத்தை எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தார்.

"வாத்தியாரே, இது உம்ம கையெழுத்துதானா?"

"ஆமாண்ணே."

"பெருநோவுன்னு எழுதுனது நீருதான்?"

"அந்தம்மா எழுதுனதப் பாத்துத்தாண்ணே எழுதுனேன்."

"அந்தம்மா காயிதத்துல அந்தப் பேரு எங்க இருக்கு? காட்டும்."

அப்பா எல்லாக் கடிதத்தையும் மடியில் வைத்துப் புரட்டினார். முதலிலிருந்து ஒரு தடவை, கடைசியிலிருந்து ஒரு தடவை. அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. டாக்டரம்மா, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அத்தனை பேர் நடுவில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்ததை நான் பார்த்தேன்.

"ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுக்குறீரு. எத எழுதக் கூடாதுன்னு உமக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே" என்றார் பெரியவர். அதற்கும் சிரித்தார்கள்.

உரிமை கேட்டு வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. குழந்தை அங்கேயே இருக்க வேண்டியது என்று முடித்தார்கள். நான் குழந்தையிடம் பேசக் கூடாது, மில் அரிசியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, மீறினால் அப்பாவுக்கு எழுமலையில் வேலை இருக்காது என்றும் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே, "ஆத்தா சொல்றதுதான்" என்றார். அவர் என்றால் என் கணவராக இருந்தவர்.

அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார். கரும்பலகையில் எழுதும்போது கை நின்று போகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தங்கச்சி மட்டும் குடிசைக்குள் வந்து என் பக்கத்தில் படுக்கிறாள்.

டாக்டரம்மா, தங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை இருந்தால் கொடுங்கள். தல்லாகுளத்திலிருந்து பரவைச் சந்தைக்கு நடக்கிற தூரம்தான். பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சந்தை நாளில் மில் வாசலுக்கு எதிரே, காலில் எதுவும் போடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன். பெருநோய்க்காரி என்று ஊரே அறிந்தவள் நடப்பதைப் பெண்கள் பார்க்கட்டும். என்ன தின்றாய் என்று அவர்களாகக் கேட்டால் தங்களிடம் அனுப்புகிறேன்.

என் மகளும் பார்ப்பாள். கால் இருக்கிற அம்மா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

தங்கள் உதவியை மறவாத,
முத்துத்தாய்


பரவை,
22-4-1937

தல்லாகுளம் லேடி டாக்டர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் முத்துத்தாய்க்கு,

நாங்கள் நலம்.

ஐந்து சந்தை நாளாக நீ நடப்பதைப் பார்த்தேன். மாடியில் என் நாற்காலியிலிருந்து சாலை நன்றாகத் தெரியும். கட்டுப்பாட்டை நீ மீறவில்லை. அதைப் பெரியவர் கருப்புவிடம் நானே சொன்னேன். உன் தகப்பனார் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. நியாயம் நியாயம்தான்.

உன்னை நிறுத்திக் கேட்டு டாக்டரிடம் போய் வந்த பெண்களில் சிலர் உரலில் குத்த ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. மில்லுக்கு வரும் மூட்டை குறைந்திருக்கிறது என்று நல்லகாமன் சொல்கிறான். குறையட்டும். இந்த மில்லில் இரண்டு முறைதான் தீட்டுவோம். என் வீட்டில் இன்றைக்கும் ஐந்து தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். தையில் கல்யாணமாகி வந்திருக்கும் மருமகளுக்கு இது ஆறாம் மாதம் என்று எழுதினால் உனக்குக் கணக்குத் தெரியும், ஆகவே எழுதவில்லை. பெரிய இடத்துப் பெண். கேட்டதைச் சாப்பிட வேண்டும் என்று அவள் தாயார் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பிரசவம் ஆனதும் அந்தத் தாயாரை அனுப்பிவிடுவேன். பத்தியம் என் பொறுப்பு.

டாக்டரின் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது. பேரன் சத்தமில்லாமல் அழுததைப் பற்றி அவர் எழுதிய வரியை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அந்தச் சோற்றை உனக்குப் போட்ட கையையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அறுபத்தேழு வயது. இனி அது முடியாது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீ இதைக் காட்டினாலும் பஞ்சாயத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

நேற்றுச் சந்தையில் நீ மூன்றாவது தடவை திரும்பி வரும்போது அன்னக்கொடி என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். அவளும் பார்த்தாள்.

"யாரு அப்பத்தா அது?" என்று கேட்டாள்.

"சந்தைக்கு வந்த பெண்" என்றேன்.

"ஏன் அப்பத்தா ஒண்ணும் வாங்காமயே போகுது?"

அவளுக்கு வேண்டியது இந்தச் சந்தையில் கிடைக்காது என்றேன். அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பொரி வாங்கித் தரச் சொன்னாள்.

அடுத்த சந்தைக்கும் வரலாம். சாலை எல்லோருக்கும் பொது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுவிட்டேன், ஆகவே விசாரிக்கவில்லை.

ராமக்காள்